அந்தமானில் ஓடாமல் தங்குவது

அந்தமானுக்கு எத்தனை நாள் ஒதுக்கினால் போதும் என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அங்கே எதைப் பார்க்க ஆசை என்று நான் திருப்பிக் கேட்பேன். ஏனென்றால் விற்பனைக்கு வரும் பயணத் திட்டங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்: செல்லுலார் சிறை, ஹேவ்லாக், நீல் தீவுகள், கடைசியில் பாராடாங்குக்கு ஒரு நாள். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை உண்மையிலேயே அழகானது. ஆனால் காட்டையும் கடலையும் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஒரு மரங்கொத்தியை அரைமணி நேரம் கண்ணெடுக்காமல் கவனிக்க வேண்டும், ஆமை கரையேறி முட்டையிடுவதைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அந்தத் திட்டம் உதவாது. பாதி நேரம் படகுத்துறை வரிசையில் போகும், மீதி நேரம் பெட்டி கட்டுவதில் போகும்.

அப்படிப்பட்டவர்களிடம் நான் வடக்கே போகச் சொல்வேன். நடு அந்தமானில் ரங்கத்தும் லாங் ஐலேண்டும், வட அந்தமானில் திக்லிபூரை ஒட்டிய காளிப்பூரும் இருக்கின்றன. இவற்றில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அங்கேயே தங்கிவிடுங்கள். தீவுகளை எண்ணிக்கொண்டே போனால் முடிவே கிடையாது. சிறு திட்டுகளையும் பாறைகளையும் சேர்த்து 836 என்கிறது அரசுக் கணக்கு. அதில் மனிதர் வசிப்பவை முப்பதுக்குச் சற்று மேல்தான்.

பெயர்க் குழப்பம் ஒன்றை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஹேவ்லாக் 2018 முதல் சுவராஜ் தீவு, நீல் ஷாஹீத் தீவு. போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பேச்சில் பழைய பெயர்கள்தான் ஓடுகின்றன என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். டிக்கெட் எடுக்கும்போது இரண்டு பெயரும் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் காலம். இந்தத் தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடும், அது ஓய்ந்ததும் வடகிழக்கு தொடங்கிவிடும். டிசம்பர் பாதியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும். அதற்குள் எந்த மாதம் என்பது நீங்கள் தேடிப்போகும் விஷயத்தைப் பொறுத்தது. பங்குனி ஆமைகள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அதிகம் கரையேறும். முட்டை பொரிய ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதம் ஆகும். அதனால் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ போனால் முட்டையிட வரும் ஆமையையும் கடலுக்குத் திரும்பும் குஞ்சுகளையும் ஒரே பயணத்தில் பார்க்க வாய்ப்பு உண்டு. பவளப்பாறைதான் ஆசை என்றால் மார்ச், ஏப்ரலில் தண்ணீர் இன்னும் தெளிவாக இருக்கும். ஆனால் அப்போது வெயில் கடுமை, குடிநீருக்கும் தட்டுப்பாடு. என் ஓட்டு பிப்ரவரிக்கு.

மாதம் முடிவானதும் தேதி. இங்கேதான் பலரும் விமான டிக்கெட் விலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் நிலவைப் பாருங்கள். தீவில் உங்கள் நாளைப் பகிர்ந்து கொடுப்பது கடலின் ஏற்றமும் வற்றமும்தான். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வித்தியாசம் மிக அதிகம். அந்தமானில் அது சுமார் இரண்டு மீட்டர். சென்னைக் கரையில் அதில் பாதிதான் இருக்கும் என்பதால் நமக்கு இது பழக்கமே இல்லை. காலையில் நீந்திய இடத்தில் மாலையில் பாறையும் குட்டையுமாகக் கிடக்கும். காளிப்பூருக்குப் பக்கத்தில் உள்ள ராஸ், ஸ்மித் என்ற இரட்டைத் தீவுகளை ஒரு மணல்திட்டு இணைக்கிறது. வற்றத்தில் போனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம், ஏற்றத்தில் போனால் திட்டு தண்ணீருக்கு அடியில். ஏரியல் பே துறையில் வனத்துறை அனுமதி வாங்கிப் படகில் போக வேண்டும். அனுமதிக்கும் படகுக்கும் அலைந்துவிட்டு, ஏற்ற நேரத்தில் போய் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்வே ஆஃப் இந்தியா ஏற்றவற்ற அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தையும் காற்றையும் கணித்துச் சொல்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டு விமானத்துக்குப் போங்கள்.

வற்றத்தின் அருமை தெரிய ரங்கத் பக்கம் தானிநல்லாவுக்குப் போக வேண்டும். அலையாத்திக் காட்டுக்குள் பல நூறு மீட்டர் நீளத்துக்கு மரப்பாலம் போட்டிருக்கிறார்கள். முடிவில் கடற்கரை. பெரும்பாலானவர்கள் அந்தக் கடற்கரைக்குத்தான் வேகமாக நடக்கிறார்கள். நீங்கள் தண்ணீர் இறங்கும் நேரத்தில் போய்ப் பாலத்தின் நடுவிலேயே உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் வெறும் சேறுதான் தெரியும். நம் காலடிச் சத்தம் அடங்கியதும் வளைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஒரு கை மட்டும் பெருத்த நண்டு வெளியே வந்து, அந்தக் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டும். அது ஆண். பெண்ணுக்கு இரண்டு கையும் சிறிதுதான், இரண்டாலும் சேற்றை அள்ளி வாயில் வைத்துக்கொண்டே இருக்கும். ஆண் ஒற்றைக் கையால்தான் சாப்பிட வேண்டும், மற்றது சண்டைக்கும் பெண்ணை அழைப்பதற்கும். சற்றுத் தள்ளி உளுவை மீன் துடுப்பை ஊன்றிச் சேற்றின் மேல் நகரும், வேரில் ஏறி உட்காரும், கண்ணை உள்ளே இழுத்து ஈரமாக்கிக்கொண்டு மறுபடி வெளியே நீட்டும். தண்ணீர் திரும்பி ஏறத் தொடங்கும்போது நண்டுகள் ஒரு சேற்று உருண்டையை இழுத்து வளை வாயை அடைத்துக்கொள்கின்றன. நான் அங்கே உட்கார்ந்திருந்த மாலையில், எங்களைத் தாண்டிப் போன ஒரு குடும்பத்துச் சிறுமி மட்டும் நின்று குனிந்து பார்த்தாள். அப்புறம் அவளுடைய அப்பாவும் நின்றார். கடைசியில் அவர்கள் கடற்கரைக்குப் போகவே இல்லை.

ரங்கத்துக்கு எப்படிப் போவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அந்தமான் டிரங்க் ரோடு வழியாகப் பேருந்திலும் காரிலும் போகலாம். அந்தச் சாலை ஜாரவா மக்களின் காப்புக்காட்டுக்குள் போகிறது. ஜிர்காட்டாங்கில் வண்டிகளை நிறுத்தி, குறிப்பிட்ட நேரங்களில் அணியாக அனுப்புகிறார்கள். வழியில் நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. 1956-ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அவர்களுக்காகவே இருக்கிறது. சில நூறு பேர்தான் அவர்கள். அவர்கள் வீட்டு முற்றம் வழியாக நம் உல்லாசத்துக்கு நாம் போக வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். உள்ளூர்க்காரர்களுக்கு மருத்துவமனைக்கும் வேலைக்கும் அது தேவைப்படுகிறது, சரி. நமக்குக் கப்பல் இருக்கிறது. போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து அரசுக் கப்பல்கள் லாங் ஐலேண்டுக்கும் ரங்கத்துக்கும், இன்னும் வடக்கே திக்லிபூர் பக்கமும் போகின்றன. நேரம் கூடுதலாக ஆகும். மேல்தளத்தில் நின்றால் பறக்கும் மீன் கூட்டம் கப்பலுக்கு விலகித் தண்ணீர்மேல் பாய்வதைப் பார்க்கலாம், சில நாள் டால்ஃபினும் வரும்.

கப்பல் அட்டவணை மாறும். அது தீவுக்காரர்களின் வாழ்க்கைக் கப்பல். நோயாளியும் மாணவரும் அரிசி மூட்டையும் போகவேண்டியது அதில்தான். கடல் கெட்டால் நின்றுவிடும். ரங்கத் கடைத்தெருவில் காரச்சட்டினியோடு இட்லி போட்ட அக்காவிடம் மறுநாள் படகு உண்டா என்று கேட்டேன். "கடல் நல்லா இருந்தா வரும்ப்பா. இல்லேன்னா நாளன்னிக்கு. உனக்கு என்ன அவசரம்?" என்றார். அவருடைய தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பமாம். ரங்கத்தில் தமிழ் இப்படித்தான் காதில் விழுந்துகொண்டே இருக்கும், வங்காளமும் இந்தியும் கலந்து. அவர் சொன்னபடியே மறுநாள் காற்று பலமாக வீசியது, படகு வரவில்லை. திரும்பும் விமானத்துக்கு முன்னால் இரண்டு நாளாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளைப் போர்ட் பிளேரில் எப்படிச் செலவிடலாம் என்று பிறகு சொல்கிறேன்.

லாங் ஐலேண்டுக்கு ரங்கத்தின் எராட்டா துறையிலிருந்தும் படகு உண்டு. உப்பங்கழி வழியாக, இருபுறமும் அலையாத்தி. இறங்கியதும் முதலில் தெரிவது அமைதி. கார் கிடையாது. ஊரின் கதை மரத்தோடு பின்னியது. ஒரு காலத்தில் இங்கே பிளைவுட் ஆலை ஓடியது. அந்தமான் படாக், குர்ஜன் மரங்களுக்காகப் பல பத்தாண்டுகள் காடு வெட்டப்பட்டது. அதற்காகவே சோட்டா நாக்பூரிலிருந்து தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள், அவர்களை இன்றும் ராஞ்சிக்காரர்கள் என்றே அழைக்கிறார்கள். 2002-இல், தீவுக் காடுகளை ஆராய்ந்த சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை பெருமளவு மரவெட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்று இந்தத் தீவுகளின் பரப்பில் எண்பது சதவீதத்துக்கு மேல் காடு நிற்கிறது என்றால் அந்த ஆணைக்கும் அதில் பங்கு உண்டு. வேலை போனவர்களின் பக்கமும் உண்டு. ஆலை இருந்த நாளில் ஊர் எப்படி நிறைந்திருந்தது என்று பெரியவர்கள் ஏக்கத்தோடு பேசுவார்கள். உட்கார்ந்து கேளுங்கள்.

தீவின் மறுகரையில் லாலாஜி பே. காட்டுப் பாதையில் இரண்டு மணி நேரம் நடந்தோ படகிலோ போகலாம். நடப்பதைத்தான் நான் சொல்வேன், உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு. இந்தக் காட்டில் புலி, சிறுத்தை எதுவும் இல்லை. குரங்குகூட இந்த மண்ணுக்கு உரியது கிடையாது. மியான்மரின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி மறுபடி தலைகாட்டுவதுதான் அந்தமான். நடுவில் உள்ள கடலைப் பெரிய விலங்குகளால் தாண்ட முடியவில்லை. இயல்பாக உள்ளவற்றில் பெரியது காட்டுப்பன்றிதான். வழியில் புள்ளிமான் தென்பட்டால் மகிழ்வதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அது ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டது. அதைப் பிடித்து உண்ண விலங்கு இல்லாததால் பெருகி, முளைத்து வரும் கன்றுகளை மேய்ந்துவிடுகிறது. மேற்கே இன்டர்வியூ தீவில் மரக் கம்பெனி ஒன்று கைவிட்டுப் போன யானைகள் காட்டு யானைகளாகவே மாறின. சமீப காலத்தில் நம் ஊர்ப் பெரிய தவளையும் எப்படியோ வந்துசேர்ந்து, மீன்குஞ்சையும் சிறு தவளையையும் விழுங்கிக்கொண்டு ஒவ்வொரு தீவாகப் பரவுகிறது. தீவு என்பது இவ்வளவு எளிதில் குலையக்கூடியது. செருப்பில் ஒட்டிய மண்ணையும் பையில் தங்கிய விதையையும் கிளம்பும் முன் தட்டிவிட்டுப் போங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பெரிய விலங்கு இல்லாத குறையைப் பறவைகள் தீர்த்துவைக்கும். உலகில் வேறெங்கும் இல்லாத இனங்கள் இங்கே பல. உடல் முழுக்கக் கறுத்து, கொண்டை மட்டும் சிவந்த அந்தமான் மரங்கொத்தியைத் தேடி உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். வால்காக்கை, செம்போத்து, கரிச்சான், கொண்டைக்குருவி என்று நமக்குப் பழக்கமான குடும்பங்களிலேயே அந்தமானுக்கென்று தனி உருவம் ஒன்று இருக்கும். விடியலில்தான் பார்க்க வேண்டும். கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடினாலும் சூரியன் கிழக்கின் கணக்கில் வருகிறது. டிசம்பரில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் அஸ்தமித்துவிடும். காலை ஐந்துக்கு எழுந்து, இரவு எட்டுக்குப் படுத்துவிடுங்கள். தங்கும் இடத்தில் சாப்பாட்டு நேரத்தையும் அதற்கேற்ப முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

இனி ஆமை. ரங்கத்திலிருந்து சிறிது தூரத்தில் கத்பர்ட் பே, வடக்கே காளிப்பூர். காளிப்பூர்க் கரையில் பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை ஆகிய நான்கும் முட்டையிடுகின்றன. இரண்டு இடத்திலும் வனத்துறை முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட மணல் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறது. தனியாகக் கரையில் திரியாதீர்கள். வனக்காவலரிடம் பேசி, அவர்கள் ரோந்து போகும்போது கூடப் போங்கள். டார்ச், போன் இரண்டும் அணைந்திருக்க வேண்டும்.

கத்பர்ட் பேயில் காவலர் கையைப் பின்னால் நீட்டி எங்களை நிறுத்தினார். மணலில் டிராக்டர் சக்கரத் தடம்போல ஒன்று கடலிலிருந்து மேலே போயிருந்தது. ஆமை குழி தோண்டி முடிக்கும்வரை யாரும் அசையவில்லை. பின்துடுப்பால் தோண்டுகிறது, கண்ணால் பார்க்காமலே. ஒரு துடுப்பு குவிந்து மணலை அள்ளி வெளியே வைக்கும், அதற்குள் மற்றது முன்னால் விழுந்த மணலை உதறித் தள்ளும். முட்டை விழத் தொடங்கியதும் காவலர் சிவப்பு வெளிச்சத்தைப் பின்பக்கம் மட்டும் காட்டினார். இரண்டும் மூன்றுமாக, ஈரம் மினுங்க, நூறுக்குப் பக்கத்தில். முடிந்ததும் மணலை மூடி, உடம்பைத் தூக்கித் தூக்கி அடித்து அந்த இடத்தைக் கெட்டிப்படுத்தியது. அந்தச் சத்தம் காலடியில் அதிர்வாக வந்தது. கண்ணிலிருந்து வடிந்த நீர் உடலில் சேரும் உப்பை வெளியேற்றுவது என்று காவலர் மெல்லச் சொன்னார். வரும் இரவும் உண்டு, வராத இரவும் உண்டு. ஒரே இரவுக்காகப் போகாதீர்கள், அங்கேயே தங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

ஏழுவரி ஆமையைப் பற்றிப் பேசும்போது கிரேட் நிக்கோபாரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த ஆமை இந்தியாவில் முட்டையிடும் முக்கியமான கரைகளில் ஒன்று அங்குள்ள கலத்தியா விரிகுடா. அங்கே இருந்த வன உயிரின சரணாலயத்தின் அந்தஸ்து 2021-இல் நீக்கப்பட்டது. சரக்குத் துறைமுகம், விமான நிலையம், நகரம் கொண்ட திட்டத்துக்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு அதற்குப் போகிறது. எனக்கு இது பெரிய வேதனை. ஆமைக்குப் புதிய கரையை நாம் செய்து கொடுக்க முடியாது.

காளிப்பூரில் தங்கினால் சாடில் பீக் ஏறலாம். 700 மீட்டருக்கு மேல் உயரம், அந்தமானின் உச்சி அதுதான். லாமியா பே சோதனைச் சாவடியில் அனுமதி வாங்கி, முதலில் கரையோரமாக நடந்து, பிறகு காட்டுக்குள் ஏற வேண்டும். போக எட்டு கிலோமீட்டர், வர எட்டு. விடியலில் கிளம்பாதவர்கள் கிளம்பவே வேண்டாம். இதே கரையில் வற்றத்தின்போது செத்து வெளுத்த பவளப்பாறைகளைக் காணலாம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வட அந்தமான் மேலே எழும்பியது, தெற்குப் பக்கம் தாழ்ந்தது. எழும்பிய இடத்தில் பவளம் காற்றில் காய்ந்து செத்தது. உயிரோடிருந்த பாறைகளும் 2010-இல் கடல் சூடேறி வெளுத்தன. ஆகவே நீந்தும்போது பவளத்தின்மேல் காலை ஊன்றாதீர்கள்.

எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கழிமுகங்களிலும் அலையாத்தி ஓரங்களிலும் செம்மூக்கு முதலை உண்டு. எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் இறங்கவே கூடாது. பலகை இல்லாத கழியிலும் உள்ளூர்க்காரரைக் கேட்காமல் கால் நனைக்காதீர்கள். மணல் ஈ கடித்தால் நாள் கணக்கில் அரிக்கும், முழங்கால் மறைய உடுத்துங்கள், ஈர மணலில் படுக்காதீர்கள். மலேரியா பற்றி மருத்துவரிடம் பேசிவிட்டுப் போங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும். 2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபிறகு ரங்கத்திலும் லாங் ஐலேண்டிலும்கூட இணையம் முன்பைவிடப் பரவாயில்லை. ஆனால் அதை நம்பிப் பணம் கொடுக்கப் போகாதீர்கள். தண்ணீர் பாட்டில் வாங்காமல் வடிகட்டி ஒன்றைக் கொண்டுபோங்கள். தீவில் சேரும் பிளாஸ்டிக்கை எரிக்க வேண்டும், இல்லை கப்பலில் ஏற்ற வேண்டும். உங்கள் குப்பையை உங்கள் பையிலேயே திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். பவளத் துண்டும் சங்கும் எடுக்க வேண்டாம். பவளத்துக்கும் பல சங்கினங்களுக்கும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள்.

அந்த இரண்டு காலி நாள். ஒன்றை வண்டூருக்குக் கொடுங்கள். 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா அங்கே. ஜாலி பாய் தீவுக்குப் பிளாஸ்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள், மற்ற தீவுகளும் பின்பற்ற வேண்டிய ஏற்பாடு. வண்டூரிலேயே ஆனெட் என்ற ஆய்வு நிலையமும் இருக்கிறது. நம் சென்னை முதலைப் பண்ணைக்காரர்கள் தொடங்கியது. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டால் பார்க்க முடியுமா என்று சொல்வார்கள். இன்னொரு காலையில் சிப்பிகாட் போங்கள். 2004-இல் நிலம் தாழ்ந்து கடல்நீர் புகுந்த வயல்கள் அவை. விவசாயம் போய்விட்டது, அந்த இடத்தில் இன்று நீர்ப்பறவைகள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட பழுப்பு நிற வாத்து ஒன்று தென்பட்டால் அதுதான் அந்தமான் கிளுவை, வேறெங்கும் கிடையாது. ஐந்தரைக்கு ஆட்டோ பேசிக் கிளம்பினால் மதிய விமானத்துக்குத் தாராளமாகத் திரும்பிவிடலாம்.